மாறொளிர்வுப் பறவைகளின் எண்ணிமக் கலை

மாறொளிர்வுப் பறவைகளின் எண்ணிமக் கலை என்பது, பார்க்கும் கோணத்திற்கு ஏற்ப நிறம் மாறி மின்னும் இறகுகளையுடைய பறவைகளின் ஒளிப்படங்களை மூலப்பொருளாகக் கொண்டு, கணினியின் துணையுடன் உருவாக்கப்படும் காட்சிக் கலை ஆகும். இக்கலையில் பெயர்பெற்ற பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஓசனிச்சிட்டு (ரீங்காரச் சிட்டு) ஆகும். இந்தியாவில் ஓசனிச்சிட்டுகள் இல்லை. அவற்றைப் போன்றே பூந்தேன் அருந்துவதும் மின்னும் இறகுகளைக் கொண்டதுமான தேன்சிட்டுகள் தமிழகம் முழுவதும் காணப்படுகின்றன. தருமபுரி மாவட்டத்தின் வீட்டுத் தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் காடுகளிலும் இவற்றை எளிதில் காணலாம்.

இக்கலை மூன்று துறைகள் கூடும் இடத்தில் அமைந்துள்ளது. இறகின் நிறம் எவ்வாறு தோன்றுகிறது என்பது இயற்பியல். அந்நிறத்தைப் படக்கருவி எவ்வாறு பதிவு செய்கிறது என்பது ஒளிப்படவியல். பதிவான நிறத்தைக் கலைஞர் எவ்வளவு மாற்றலாம், மாற்றியதை எவ்வாறு அறிவிக்க வேண்டும் என்பது கலை நெறி. இம்மூன்றும் கீழே விளக்கப்படுகின்றன.

சொற்பொருள்

நீர்மேல் பரவிய மண்ணெண்ணெய்ப் படலம், சவர்க்காரக் குமிழி, மயிலின் கழுத்து ஆகியவற்றில் ஒரே இடம் ஒரு பக்கத்திலிருந்து பச்சையாகவும் வேறொரு பக்கத்திலிருந்து நீலமாகவும் தோன்றும். இவ்வாறு கோணம் மாற நிறம் மாறும் பண்பே இக்கட்டுரையில் மாறொளிர்வு எனப்படுகிறது.

தமிழர் வாழ்வில் இப்பண்பிற்கு நெடுநாளாகவே ஒரு பெயர் உண்டு. பட்டுப்புடவைக் கடைகளில் வழங்கும் "மயில்கழுத்து" என்னும் நிறப்பெயரே அது. ஆயினும் பட்டின் மயில்கழுத்து நிறமும் மயிலின் கழுத்து நிறமும் ஒரே வழியில் தோன்றுவன அல்ல. பட்டில் பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறொரு நிறமாகவும் நெய்யப்படுகின்றன. துணி மடியும்போது ஒரு கோணத்தில் பாவு நூலும் மற்றொரு கோணத்தில் ஊடை நூலும் மிகுதியாகக் கண்ணில் படுவதால் நிறம் மாறுவது போல் தெரிகிறது. அங்கு இரு சாயங்கள் உள்ளன. மயிலின் இறகிலோ நீலச் சாயமும் இல்லை, பச்சைச் சாயமும் இல்லை. பட்டுக்கூட்டு அங்காடி அமைந்துள்ள தருமபுரியின் மாணவர்களுக்கு இவ்வேறுபாட்டை விளக்கப் பட்டுத்துணியே ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

இறகில் நிறம் தோன்றும் விதம்

பறவைகளின் நிறங்கள் இரு வகைப்படும். முதலாவது நிறமிகளால் வருவது. காகத்தின் கருமை மெலனின் என்னும் நிறமியால் வருகிறது. மாங்குயிலின் மஞ்சள், உணவின் வழியாகப் பெறப்படும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருகிறது. இரண்டாவது, இறகின் நுண்ணிய கட்டமைப்பால் வருவது. இதில் ஒளியின் சில அலைநீளங்கள் வலுப்பெற்றும் சில அலைநீளங்கள் தளர்ந்தும் திரும்புவதால் நிறம் தோன்றுகிறது.

கட்டமைப்பு நிறங்கள் எல்லாம் மாறொளிர்வு உடையன அல்ல. பனங்காடையின் நீலமும் மீன்கொத்தியின் நீலமும் கட்டமைப்பு நிறங்களே. எனினும் அவற்றின் இறகு இழைகளுக்குள் கெரட்டினும் காற்றும் கலந்த பஞ்சு போன்ற அமைப்பு உள்ளது. அது எல்லாத் திசைகளிலும் ஏறத்தாழ ஒரே நீலத்தைச் சிதறடிப்பதால், அந்நீலம் கோணத்துடன் பெரிதும் மாறுவதில்லை.

மாறொளிர்வு தோன்ற ஒழுங்கான அடுக்குகள் வேண்டும். இறகின் நடுத்தண்டிலிருந்து இழைகளும், இழைகளிலிருந்து சிற்றிழைகளும் கிளைக்கின்றன. ஓசனிச்சிட்டின் தொண்டை இறகுகளில் இச்சிற்றிழைகளுக்குள் மெலனின் நிறைந்த நுண்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தட்டின் உள்ளும் காற்றுக் குமிழ்கள் உண்டு. தட்டின் தடிப்பு, கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்தை விடக் குறைவானது. ஒளி ஒவ்வோர் அடுக்கின் மேற்பரப்பிலும் ஓரளவு திரும்புகிறது. இவ்வாறு திரும்பும் அலைகளின் முகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் அலைநீளம் வலுப்பெறுகிறது. முகடும் அகடும் எதிர்ப்படும் அலைநீளம் அழிகிறது. இது குறுக்கீட்டு விளைவு எனப்படும்.

ஒளி சாய்வாக விழும்போது, அடுத்தடுத்த அடுக்குகளிலிருந்து திரும்பும் அலைகளுக்கு இடையிலான பாதை வேறுபாடு குறைகிறது. எனவே வலுப்பெறும் அலைநீளமும் குறைகிறது. நேராகப் பார்க்கையில் சிவப்பாக இருந்தது சற்றுச் சாய்த்ததும் பொன்னிறமாகவும் பின் பச்சையாகவும் மாறக் கூடும். மேலும் சாய்த்தால் திரும்பும் ஒளி கண்ணை அடையாமல் இறகு கருப்பாகத் தெரியும். அந்தக் கருமை மெலனினுடையது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் அன்னா ஓசனிச்சிட்டின் தலையும் தொண்டையும் ஒரு கணம் இளஞ்சிவப்புத் தணல் போலவும் மறுகணம் கரி போலவும் தோன்றுவது இதனாலேயே.

மயிலின் தோகையில் இவ்வமைப்பு சற்று வேறுபடுகிறது. அங்கு மெலனின் தண்டுகள் வலைப்பின்னல் போல ஒழுங்காக நிற்கின்றன. தண்டுகளுக்கு இடையிலான இடைவெளி மாற மாற நீலம், பச்சை, மஞ்சள், பழுப்பு ஆகியன தோன்றுகின்றன. மாடப்புறாவின் கழுத்தில் சிற்றிழையின் மேலுள்ள மெல்லிய கெரட்டின் படலமே சவர்க்காரக் குமிழியின் சுவரைப் போல் செயற்பட்டு ஊதாவையும் பச்சையையும் மாறி மாறிக் காட்டுகிறது.

ஓசனிச்சிட்டும் தேன்சிட்டும்

இவ்விரு பறவைகளும் தோற்றத்திலும் உணவிலும் ஒத்திருப்பதால் ஒன்றென மயங்குவோர் பலர். ஆனால் இவை நெருங்கிய உறவினர் அல்ல. ஓசனிச்சிட்டுகள் உழவாரன் பறவைகளுக்கு உறவானவை. தேன்சிட்டுகள் காகம், சிட்டுக்குருவி, மைனா ஆகியன அடங்கிய மரமடைவன வரிசையைச் சேர்ந்தவை. பூந்தேன் என்னும் ஒரே உணவை நாடியதால், வெவ்வேறு மரபில் வந்த இரு பறவைகள் ஒத்த வடிவம் பெற்றன. இது குவியும் படிவளர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகும்.

ஓசனிச்சிட்டுகளில் 360 இற்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இவை பின்னோக்கியும் பறக்க வல்லவை. காற்றில் ஒரே இடத்தில் நின்றபடி தேன் அருந்தும். தேன்சிட்டுகள் ஆப்பிரிக்கா முதல் ஆத்திரேலியா வரை பரவியுள்ளன. இவை சிறிது நேரம் காற்றில் நிற்கக் கூடியவை எனினும் பெரும்பாலும் கிளையிலோ பூங்கொத்திலோ அமர்ந்தே தேன் அருந்துகின்றன. ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளன. ஆயினும் செருமனியில் கிடைத்த சுமார் 3 கோடி ஆண்டு பழமையான தொல்லுயிர் எச்சங்கள், இவற்றின் முன்னோர் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. இவ்வெச்சங்கள் 2004 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கெரால்டு மாயரால் விவரிக்கப்பட்டன.

தமிழகத்தில் "ஓசனிச்சிட்டைக் கண்டேன்" என்று கூறுவோர் உண்மையில் காண்பது பெரும்பாலும் தேன்சிட்டாக இருக்கும். அல்லது பகலில் பூக்களின் முன் இறக்கை அதிர நின்று தேன் உறிஞ்சும் பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும்.

தருமபுரி மாவட்டத்தின் தேன்சிட்டுகள்

சங்க காலத்தில் தகடூர் என வழங்கிய தருமபுரி, 1965 ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. 2004 ஆம் ஆண்டில் இதிலிருந்து கிருட்டிணகிரி மாவட்டம் பிரிந்தது. காவிரி தமிழகத்தினுள் நுழையும் ஒகேனக்கல், பென்னாகரம் பகுதிக் காடுகள், வத்தல்மலை, அரூரை அடுத்த சித்தேரி மலை, தீர்த்தமலை ஆகியன இங்குள்ள பறவை வாழிடங்களுள் சில. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காவேரி தெற்கு வனவுயிரினச் சரணாலயம், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் காப்புக்காடுகளில் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது.

இப்பகுதியில் காணத்தக்க தேன்சிட்டுகள் மூன்று:

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு: 10 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த நீளமுடையது. ஆணின் வயிறு மஞ்சள், முதுகு செம்பழுப்பு. உச்சந்தலையிலும் தோளிலும் பச்சை மின்னும். பிட்டம் ஊதாவாக மின்னும். பெண்ணுக்கு மின்னும் நிறம் இல்லை.

ஊதாத் தேன்சிட்டு: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தொலைவிலிருந்து முழுக் கருப்பாகத் தோன்றும். வெயில் பட்டதும் ஊதாவும் நீலப்பச்சையுமாக ஒளிரும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மங்கிய இறகுகளைப் பெற்றுப் பெண்ணைப் போலாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை செல்லும் கருங்கோடு மட்டும் அதனை ஆண் எனக் காட்டும்.

லோட்டன் தேன்சிட்டு: நீண்டு வளைந்த அலகால் அறியப்படுவது. ஆணின் மார்பில் அரக்கு நிறப் பட்டையும் அதன்கீழ் பழுப்பு வயிறும் உண்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தரின் ஆளுநராக இருந்த சோன் கிதியோன் லோட்டனின் பெயரால் 1766 ஆம் ஆண்டில் லின்னேயசு இதற்குப் பெயரிட்டார்.

செம்பருத்தி, மாதுளை, முருங்கை, கல்யாண முருங்கை, வாழை ஆகியவற்றின் பூக்களை இவை நாடுகின்றன. மாமரங்களில் ஒட்டி வளரும் புல்லுருவியின் குழல் போன்ற பூக்களுக்கும் இவை வருகின்றன. மாந்தோப்புகள் நிறைந்த இம்மாவட்டத்தில் உழவர் வெறுக்கும் புல்லுருவிப் பூவே தேன்சிட்டை அருகிலிருந்து காண வாய்ப்புத் தருகிறது.

வரலாறு

ஒளிப்படத்திற்கு முந்தைய முயற்சிகள்

மின்னும் நிறத்தைத் தட்டையான பரப்பில் காட்டுவது ஓவியர்களுக்கு நெடுங்காலமாக இருந்துவந்த சிக்கல். மெக்சிக்கோவின் அசுட்டெக்கு கைவினைஞர்கள் சாயத்தைத் தேடாமல் ஓசனிச்சிட்டு முதலிய பறவைகளின் இறகுகளையே ஒட்டி ஓவியங்களை உருவாக்கினர். 1539 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட "புனித கிரகோரியின் திருப்பலி" என்னும் இறகு ஓவியம் இன்று பிரான்சு நாட்டின் ஓசு நகரில் உள்ளது.

ஆளுநர் லோட்டன், இலங்கையில் பிறந்த பீட்டர் கொர்னேலிசு தெ பெவெரே என்னும் ஓவியரைக் கொண்டு அங்குள்ள பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். தென்னாசியப் பறவைகளை ஐரோப்பிய அறிஞர்களுக்கு அறிமுகம் செய்ததில் இவ்வோவியங்களுக்குப் பங்குண்டு.

ஆங்கிலேயப் பறவையியலாளர் சான் கூல்டு 1849 முதல் 1861 வரை ஓசனிச்சிட்டுகளைப் பற்றிய பெருநூலை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். இறகின் மினுக்கத்தைக் காட்ட அதன் படங்களில் பொன் தகட்டின்மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்கள் பூசப்பட்டன. பொன் தகட்டைக் கொண்டு ஒளியைப் படத்தினுள் கொண்டுவரும் உத்தி தஞ்சாவூர் ஓவியங்களிலும் உண்டு. நூலின் பெரும்பகுதி வெளிவரும் வரை கூல்டு உயிருள்ள ஓசனிச்சிட்டைக் கண்டதில்லை. 1857 ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றபோதே முதன்முதலாகக் கண்டார். அதுவரை அவர் பாடம் செய்யப்பட்ட உடல்களைக் கொண்டே பணியாற்றினார்.

ஒளிப்படக் காலம்

ஓசனிச்சிட்டின் சிறகடிப்பு படக்கருவிக்குப் பெரும் தடையாக இருந்தது. நொடிக்கு 50 முறை சிறகடிக்கும் ஒரு பறவையை 1/1000 நொடியில் படமெடுத்தால், அந்நேரத்திற்குள் ஒரு முழு அடிப்பில் இருபதில் ஒரு பங்கு நிகழ்ந்துவிடும். சிறகின் நுனி கலங்கலாகப் பதியும். அமெரிக்கப் பொறியியலாளர் ஆரால்டு எட்செர்ட்டன் உருவாக்கிய மிகக் குறுகிய நேர மின்வெட்டொளி இத்தடையை நீக்கியது. அதன்பின் தூப்பாண்ட்டு வேதிப்பொருள் நிறுவனத்தின் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட் பல நாடுகளில் ஓசனிச்சிட்டுகளைப் படம்பிடித்து 1960 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் அவரும் உடன் பணியாற்றியோரும் ஓசனிச்சிட்டு இறகின் நுண்தட்டு அடுக்குகளைப் பற்றிய ஆய்வையும் வெளியிட்டனர். ஒளிப்படக் கலையும் இறகின் இயற்பியலும் ஒருவரிடமே இணைந்ததற்கு இவர் எடுத்துக்காட்டு.

தமிழகத்தில் இயற்கை ஒளிப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவர் மா. கிருட்டிணன் (1912-1996). புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகனான இவர் கருப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். கருப்பு வெள்ளைப் படத்தில் மாறொளிர்வு நிறமாகப் பதிவதில்லை. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வாக மட்டுமே பதிகிறது. இன்றும் எண்ணிமக் கலைஞர் தம் படத்தைச் சாம்பல் நிறத்திற்கு மாற்றிப் பார்த்து, ஒளியமைப்பு சரியாக உள்ளதா என ஆராய்வது பயனுள்ள பயிற்சி ஆகும்.

எண்ணிமக் காலம்

கோடாக்கு நிறுவனத்தின் பிரைசு பேயர் 1976 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வண்ண வடிகட்டி அமைப்பே இன்றைய பெரும்பாலான எண்ணிமப் படக்கருவிகளுக்கு அடிப்படை. 1990 ஆம் ஆண்டில் போட்டோசாப் மென்பொருள் வெளிவந்தது. 1994 ஆம் ஆண்டில் அதில் அடுக்கு வசதி சேர்ந்தது. கட்டற்ற மென்பொருளான கிம்ப் 1996 ஆம் ஆண்டில் வந்தது. இதனால் விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத மாணவரும் இக்கலையில் ஈடுபட வழி பிறந்தது.

படக்கருவி காண்பதும் காணாததும்

பேயர் அமைப்பில் உணரிப் புள்ளிகளில் பாதி பச்சையையும், காற்பங்கு சிவப்பையும், காற்பங்கு நீலத்தையும் மட்டுமே பதிகின்றன. எஞ்சிய நிறங்களை மென்பொருள் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்புகிறது. எனவே எந்தவொரு எண்ணிம வண்ணப்படமும் ஓரளவு கணிப்பே. அண்டைச் சிற்றிழைகள் வெவ்வேறு நிறத்தில் மின்னும் இறகில் இக்கணிப்பு தவறவும் கூடும்.

இரண்டாவது வரம்பு, திரையின் நிறவெளி. இணையத்தில் பரவலாகப் பயன்படும் எசு.ஆர்.ஜி.பி நிறவெளி 1996 ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டது. அது கண் காணக் கூடிய நிறங்களில் ஒரு பகுதியையே கொண்டது. செறிந்த நீலப்பச்சை போன்றவை அதற்கு வெளியே அமையக் கூடும். அத்தகைய நிறங்கள் திரையில் அருகிலுள்ள வேறு நிறமாகக் குறுக்கப்படுகின்றன. தோட்டத்தில் கண்ட தேன்சிட்டு திரையில் ஒளி குன்றித் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வரம்பு நம் கண்ணே. மனிதருக்கு மூவகை நிற உணரிகள் உள்ளன. பறவைகளுக்கு நால்வகை உண்டு. அவற்றால் புற ஊதாவையும் உணர முடியும். 2020 ஆம் ஆண்டில் மேரி காசுவெல் இசுட்டோடார்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வு, காட்டில் வாழும் ஓசனிச்சிட்டுகள் புற ஊதாவும் பச்சையும் கலந்த நிறம் போன்ற, நம்மால் காண இயலாத நிறங்களை வேறுபடுத்தி அறிவதைக் காட்டியது. 2022 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, பறவையின் கண்ணால் அளக்கும்போது ஓசனிச்சிட்டுக் குடும்பத்தின் நிறப்பரப்பு, அதுவரை அறியப்பட்டிருந்த ஏனைய பறவைகள் அனைத்தின் நிறப்பரப்பையும் விஞ்சுவதாகத் தெரிவித்தது. ஆகவே "உண்மையான நிறம்" என்று நாம் சொல்வது மனிதக் கண்ணுக்கு உண்மையான நிறமே.

உருவாக்கும் முறைகள்

மூலப்படம் எடுத்தல்

மாறொளிர்வு இறகுக்கு ஒளி விழும் திசையே முதன்மையானது. கதிரவன் ஒளிப்படக்காரரின் முதுகுப் பக்கம் இருக்கும்போது, பறவை அவரை நோக்கித் திரும்பும் கணத்தில் தொண்டை ஒளிரும். பக்கவாட்டு ஒளியில் அதே பறவை கருப்பாகப் பதியும். மேக மூட்டத்தில் மினுக்கம் குறைந்தாலும் நிறங்கள் பரந்து மென்மையாகத் தெரியும். மின்னும் பகுதியில் ஏதேனும் ஒரு நிறம் மட்டும் அளவுமீறிப் பதிந்து விவரம் அழிவதுண்டு. எனவே ஒளிப்பேற்றைச் சற்றுக் குறைத்தும், சுருக்கப்படாத கச்சாக் கோப்பாகவும் படமெடுத்தல் நன்று.

கலையாக்கம்

மூலப்படத்தைக் கலையாக மாற்றும் வழிகளுள் பரவலானவை:

ஒன்றிணைத்தல்: பல கணங்களில் எடுத்த படங்களை அடுக்குகளாக வைத்து ஒரே படமாக்குதல். பறவை தலையைத் திருப்பும்போது கருப்பிலிருந்து ஊதா வரை நிறம் மாறும் வரிசையை ஒரே சட்டத்தில் இதனால் காட்டலாம். மாறொளிர்வு என்னும் பண்பையே காட்டுவதால் இது கற்பித்தலுக்கும் ஏற்றது.

குவியம் அடுக்குதல்: உதிர்ந்த இறகை நுண்ணோக்கியின் கீழ் வெவ்வேறு குவியத் தொலைவுகளில் எடுத்துத் தெளிந்த பகுதிகளை மட்டும் சேர்த்தல்.

சமச்சீர்க் கோலம்: படத்தின் ஒரு பகுதியைக் கண்ணாடி போல் திருப்பிப் பன்முறை அடுக்கி வட்ட வடிவம் ஆக்குதல். சிக்குக் கோலத்தின் சமச்சீரை அறிந்தோருக்கு இது எளிதில் கைவரும்.

நிறப் பெயர்ப்பு: ஒரு நிறத்தை வேறொரு நிறமாக மாற்றுதல்.

ஓவியமாக்கல்: படத்தின்மேல் எண்ணிமத் தூரிகையால் தீட்டுதல். 2015 ஆம் ஆண்டு முதல், ஓர் ஓவியத்தின் பாணியை ஒளிப்படத்தின்மேல் ஏற்றும் நரம்புப் பிணைய முறைகளும் வழக்கிற்கு வந்தன.

எழுத்து வழிப் படவாக்கம்: 2022 ஆம் ஆண்டு முதல் பரவலான செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், சொற்களைக் கொடுத்தால் பறவைப் படத்தை உருவாக்குகின்றன. இதில் குறிப்பிட்ட மூல ஒளிப்படமோ குறிப்பிட்ட பறவையோ இல்லை.

இயற்கையே செய்யும் விந்தை

மாற்றப்பட்டதாகத் தோன்றும் படமெல்லாம் மாற்றப்பட்டதன்று. பிரேசிலில் வாழும் ஆத்திரேலியக் கலைஞர் கிறித்தியன் இசுபென்சர், கதிரவனை மறைத்தபடி பறந்த கரிய ஓசனிச்சிட்டு ஒன்றின் சிறகுகளில் வானவில் தோன்றுவதைப் படம்பிடித்தார். மெல்லிய சிறகிழைகளின் இடையே செல்லும் ஒளி விளிம்பு விளைவால் நிறங்களாகப் பிரிவதே அதன் காரணம். அப்படங்களில் நிறம் கணினியால் சேர்க்கப்படவில்லை.

கலையும் சான்றும்

பறவைப் படம் ஒரே நேரத்தில் இரு பணிகளைச் செய்கிறது. அது கலைப்பொருள், அது சான்றும் ஆகும். தமிழகத்தில் 2015 ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் நடைபெற்றுவரும் பறவைக் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகளில் பொதுமக்கள் தரும் குறிப்புகளும் படங்களும் அறிவியல் தரவாகின்றன. ஊதாத் தேன்சிட்டையும் லோட்டன் தேன்சிட்டையும் பிரித்தறிய அலகின் நீளமும் மார்புப் பட்டையும் வயிற்றின் நிறமும் முதன்மையானவை. அழகிற்காக வயிற்றைக் கருமையாக்கி அலகைக் குறுக்கிய ஒரு படம் கலையாக நன்றாக இருக்கலாம். அதே படம் விளக்கமின்றிப் பரவினால் ஒரு பறவை மற்றொன்றாகப் பதிவாகும்.

இவ்வகைக் குழப்பம் புதிதன்று. 1982 பிப்ரவரியில் நேசனல் சியாகிரபிக்கு இதழ் தன் அட்டைக்காக எகிப்தியப் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தது பெரும் விவாதத்தை எழுப்பியது. ஆண்டின் காட்டுயிர் ஒளிப்படக்காரர் போட்டியில் 2009 ஆம் ஆண்டில் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் எனக் கருதப்பட்டதால் 2010 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதே போட்டியில் பரிசு பெற்ற எறும்புதின்னிப் படம் ஒன்று, பாடம் செய்யப்பட்ட உடலைக் கொண்டு எடுக்கப்பட்டதாக முடிவு செய்யப்பட்டு 2018 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இச்சிக்கல் பெருகியது. சிறு தோகையை விரித்து நிற்கும் வெண்ணிற "மயில் குஞ்சு" படங்கள் இணையத்தில் பரவி, தேடுபொறியின் முடிவுகளிலும் இடம்பெற்றன. மயில் குஞ்சு மங்கிய பழுப்பு நிறமுடையது. அதற்குத் தோகை இல்லை. வயல்களில் மயில் குஞ்சுகளைக் கண்டு வளர்ந்தோர் அப்படத்தை நம்பமாட்டார்கள். காணாதோர் நம்பினர். ஒரு பறவையை நேரில் அறிந்திருப்பதே பொய்ப்படத்திற்கு எதிரான முதற் காப்பு என்பதை இது உணர்த்துகிறது.

எனவே இக்கலையில் சில நெறிகள் வற்புறுத்தப்படுகின்றன. மாற்றப்பட்ட படம் மாற்றப்பட்டது எனத் தலைப்பிலேயே குறிக்கப்பட வேண்டும். மூலப்படம் மாற்றமின்றிப் பேணப்பட வேண்டும். பறவைக் கணக்கெடுப்புத் தளங்களுக்கும் கலைக்களஞ்சியங்களுக்கும் மூலப்படமே தரப்பட வேண்டும். வெளிச்சத்தைத் திருத்துவதும் ஓரத்தை வெட்டுவதும் பொதுவாக ஏற்கப்படுகின்றன. உறுப்பைச் சேர்ப்பதும் நீக்குவதும் நிறத்தை மாற்றுவதும் சான்றுப் படத்தில் ஏற்கப்படுவதில்லை.

பறவைகளின் பாதுகாப்பு

தேன்சிட்டு நார், மரப்பட்டைத் துணுக்கு, சிலந்தி வலை ஆகியவற்றால் பை போன்ற கூட்டைத் தாழ்ந்த கிளையிலோ வீட்டு முற்றத்துக் கொடியிலோ தொங்கவிடும். மனிதருக்கு அருகில் உள்ளதால் இக்கூடு ஒளிப்படக்காரரின் கண்ணில் எளிதில் படுகிறது. தெளிவான காட்சிக்காகக் கூட்டை மறைக்கும் இலைகளை ஒடித்தால் குஞ்சுகள் வெயிலுக்கும், காகம், வால்காக்கை, ஓணான் ஆகியவற்றுக்கும் வெளிப்பட்டுவிடும். அருகில் நெடுநேரம் நின்றால் தாய்ப்பறவை இரையுடன் திரும்பத் தயங்கும். ஆகவே கூட்டருகே படமெடுப்பதைத் தவிர்ப்பதே நல்லது. பூக்கும் செடி ஒன்றைத் தோட்டத்தில் வளர்த்துத் தொலைவில் காத்திருந்தால் பறவை தானே வரும்.

இறகுகளுக்காகப் பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் வனவுயிர் (பாதுகாப்பு) சட்டம், 1972 இன்படி குற்றமாகும். சரணாலயங்களினுள் ஒளிப்படம் எடுக்க வனத்துறையின் இசைவு தேவை.

காப்புரிமை

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957 இன்படி ஒளிப்படத்திற்கு அது வெளியான ஆண்டின் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்புண்டு. பிறர் எடுத்த படத்தை மாற்றிக் கலையாக்க உரியவரின் இசைவு தேவை. படைப்பைச் சிதைப்பதால் தம் நற்பெயருக்கு இழுக்கு நேரின் அதனைத் தடுக்கும் தனி உரிமையும் ஆக்குநருக்கு உண்டு. 2004 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகம் போன்ற களஞ்சியங்களில் கட்டற்ற உரிமத்தில் உள்ள படங்களை, ஆக்குநர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். ஓசனிச்சிட்டை நேரில் காண இயலாத தமிழக மாணவருக்கு இது ஏற்ற வழி. தேன்சிட்டைப் பொறுத்தவரை, தம் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் பறவையைத் தாமே படமெடுப்பது அதனினும் சிறந்தது.

இவற்றையும் பார்க்கவும்

தேன்சிட்டு
ஓசனிச்சிட்டு
குறுக்கீட்டு விளைவு
மா. கிருட்டிணன்
தருமபுரி மாவட்டம்